ஃப்ரீஸ் ட்ரைடு சாப்பாட்டை நம் மலையில் சோதித்துப் பார்ப்பது பற்றி

ஓசூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஜூன் மாதம் நண்பர்கள் நான்கு பேர் உத்தரகாண்டில் ஹர் கி தூன் பக்கம் ஆறு நாள் நடக்கப் போகிறீர்கள். சமையல்காரர் கிடையாது, சுமை தூக்க ஆள் கிடையாது, எல்லாம் உங்கள் முதுகில்தான். அதற்கு ஃப்ரீஸ் ட்ரைடு, அதாவது உறைய வைத்து உலர்த்திய, சாப்பாட்டுப் பாக்கெட்டுகள் வாங்கலாமா என்று யோசனை. மொத்தமாக வாங்கும் முன்பு அஞ்செட்டிக் காட்டிலோ வத்தல்மலையிலோ இரண்டு நாள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, அதையே சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று திட்டம். விலைக்குத் தகுமா, வயிறு ஏற்குமா, வீட்டிலேயே செய்ய முடியுமா, மிச்சமானால் அடுத்த வருஷத்துக்கு வைக்கலாமா என்று நான்கு கேள்விகள் போட்டிருக்கிறீர்கள். எனக்கு என்னவோ நான்குக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாகப் படுகிறது. இந்தப் பாக்கெட் உங்கள் முதுகிலிருந்து எந்தச் சுமையை இறக்குகிறது, எந்தச் சுமையை அப்படியே விட்டுவைக்கிறது என்பதுதான் அது. அதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை தானாகத் தெளிந்துவிடும்.

உணவுப் பதப்படுத்தல் படித்தவன் நான். வேலை செய்ததில் பெரும்பகுதி கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்து மாங்கூழ் ஆலைகளில், தரக்கட்டுப்பாட்டில். நடுவில் சில வருஷம் பழத்துண்டுகளை ஃப்ரீஸ் ட்ரை செய்யும் ஆலையில் இருந்தேன். மலை ஏறுவது விடுமுறை நாள் பழக்கம். டாக்டர் இல்லை என்பதால் வயிறு, ரத்த அழுத்தம் பற்றிச் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பாக்கெட்டுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலை, சுவை, வயிறு எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. சமைத்த சாப்பாட்டைத் தட்டுகளில் பரப்பி மைனஸ் 30, 40 டிகிரி வரை உறைய வைப்பார்கள். அப்புறம் அதை இறுக மூடிய அறைக்குள் தள்ளி, உள்ளே இருக்கும் காற்றை பம்ப் போட்டு உறிஞ்சுவார்கள். அழுத்தம் 611 பாஸ்கலுக்குக் கீழே, அதாவது நாம் சுவாசிக்கும் காற்றழுத்தத்தில் நூற்றறுபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டால், பனிக்கட்டி தண்ணீராக உருகாது, நேராக ஆவியாகும். அந்த நிலையில் தட்டுக்கு அடியிலிருந்து மெதுவாகச் சூடு கொடுப்பார்கள். ஆவியெல்லாம் பக்கத்தில் இருக்கும் கடுங்குளிர்க் குழாய்களில் போய் மீண்டும் பனியாக ஒட்டிக்கொள்ளும். கடைசியில் சாப்பாட்டில் தங்கும் ஈரம் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. நல்ல ஆலையில் இரண்டு, மூன்று.

இதில் கவனிக்க வேண்டியது, பனி இருந்த இடமெல்லாம் நுண்துளையாக அப்படியே நின்றுவிடுகிறது. வெயிலிலோ சூடான காற்றிலோ காய வைத்தால் தண்ணீர் வெளியேறும்போது பொருள் சுருங்கும், மேல்தோல் இறுகும். கத்திரிக்காய் வற்றலை நினைத்துக்கொள்ளுங்கள், மறுபடி மெத்தென்று ஆக எவ்வளவு நேரம் ஊற வேண்டும்! ஃப்ரீஸ் ட்ரை செய்ததில் சுருக்கம் மிகக் குறைவு. வெந்நீர் ஊற்றியதும் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே பாய்ந்து, பத்து நிமிடத்தில் பழைய உருவத்துக்கு வந்துவிடும். இதற்கு ஆகும் செலவும் அந்த முறையிலேயே இருக்கிறது. சூடான காற்றில் ஒரு பகலில் முடிகிற வேலைக்கு இங்கே ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை ஆகும். அவ்வளவு நேரமும் குளிரூட்டியும் வெற்றிட பம்பும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மாம்பழம் போலச் சர்க்கரை அதிகமுள்ள பொருளில் கொஞ்சம் அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மொத்தத் தட்டும் குலைந்து பிசினாகிவிடும். சதையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் ஒரு கிலோ உலர் மாம்பழத்துக்கு ஐந்தாறு கிலோ சதை போகும். ஆகவே விலை அதிகமாக இருப்பதில் பெரிய ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. ஆனால் ஃப்ரீஸ் ட்ரைடு என்ற பெயரில் வேறு எதையோ வாங்கிவிட்டால், அது வேறு கதை.

அந்தக் குழப்பம் நம் கடைகளில் நிறைய உண்டு. 'வெந்நீர் ஊற்றினால் போதும்' என்று வரும் எல்லாமே ஃப்ரீஸ் ட்ரைடு இல்லை. கப்பில் வரும் உப்புமா, அவல் உப்புமா, பொங்கல் எல்லாம் பெரும்பாலும் சூடான காற்றில் உலர்த்தியவை, அல்லது அரை வேக்காட்டு ரவையும் காய்ந்த காய்த்தூளும் கலந்தவை. இன்னொரு வகை, வெள்ளிப் பையில் ஈரமாகவே வரும் குழம்பு, கிச்சடி, பிரியாணி. அது ரிட்டார்ட் பாக்கெட். பையை மூடிய பிறகு அழுத்தத்தில் 121 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் கிருமியைக் கொன்றிருப்பார்கள். அப்படியே பிரித்துச் சாப்பிடலாம். பையைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். ரிட்டார்ட் கனமாகக் குழையும். ஃப்ரீஸ் ட்ரைடு பஞ்சு போல் எடையில்லாமல் உள்ளே சலசலக்கும். பின்பக்கத்தில் பொருட்கள் பட்டியலில் 'ஃப்ரீஸ் ட்ரைடு' என்று எந்தெந்தப் பொருளுக்கு முன்னால் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பட்டாணிக்கு மட்டும் அதைப் போட்டுவிட்டு, முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் அடித்திருக்கும் பாக்கெட்டுகளை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது சுமைக்கு வருவோம். ஃப்ரீஸ் ட்ரைடு சாப்பாடு எடை குறைவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைவிடக் குறைவு? சமைத்த சாதத்தைவிட, ரிட்டார்ட் பாக்கெட்டைவிட, டின் உணவைவிட. சரி. ஆனால் அரிசியும் பருப்பும் ரவையும் அவலும் ஏற்கெனவே உலர்ந்த பொருட்கள்தான். நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கிலோ கலோரி, நூறு கிராம் ஃப்ரீஸ் ட்ரைடு சாப்பாட்டில் எண்ணெயைப் பொறுத்து 400 முதல் 450 வரை. நிலக்கடலையில் 560க்கு மேல், நெய்யில் 900. ஆக, எடைக்கு எடை பார்த்தால் நம் மளிகைக்கடைச் சாமான் பெரிதாகத் தோற்பதில்லை. பாக்கெட் மிச்சப்படுத்துவது அடுப்பு எரியும் நேரத்தையும் காஸையும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும்தான்.

அதுவும் உயரத்துக்குப் போகப் போக அதிகமாக மிச்சப்படுத்தும். தண்ணீர் கொதிக்கும் சூடு தோராயமாக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி இறங்கும். ஓசூர் 900 மீட்டரை ஒட்டிய உயரம். உங்கள் வீட்டில் தண்ணீர் ஏறக்குறைய 97இல் கொதிக்கிறது. ஹர் கி தூன் பள்ளத்தாக்கு 3,500 மீட்டர் அளவில் இருக்கிறது, அங்கே 88. அந்தச் சூட்டில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேக வைக்கிறேன் என்று உட்கார்ந்தால் இருட்டிவிடும். பாக்கெட்டில் இருக்கும் பருப்போ கீழேயே வெந்து முடித்தது, ஊறினால் போதும். காஸ் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நானூறு மில்லி தண்ணீரைக் கொதிக்க வைக்க, பாதிச் சூடு காற்றில் போகிறது என்று வைத்தாலும் ஐந்தாறு கிராம் பியூட்டேன் போதும். ஒருவருக்கு அரிசி வேக வைக்க அதைப்போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு ஆகும், காற்றடித்தால் இன்னும் கூடும். ஆறு நாளுக்கு நான்கு பேர் என்றால், சிலிண்டர் ஒன்றா மூன்றா என்கிற கேள்வி இது. விமானத்தில் காஸ் சிலிண்டர் ஏற்ற விடமாட்டார்கள், டேராடூனில் இறங்கித்தான் வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நம்மூருக்கு வருகிறேன், உங்கள் திட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் இதுதான். நம் பக்கத்துக் காடு உலர் காடு. மாசி, பங்குனியில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓடை என்று வரைபடத்தில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் மணல். நீங்கள் குடிக்கும் தண்ணீரையும் வீட்டிலிருந்தே சுமக்க வேண்டும். அப்படியானால் நூறு கிராம் பாக்கெட் நூறு கிராம் இல்லை, அதில் ஊற்ற வேண்டிய 300 மில்லியையும் நீங்களேதான் தூக்குகிறீர்கள், மொத்தம் நானூறு. அதே வேளைச் சாப்பாடு ரிட்டார்ட் பாக்கெட்டில் 300 கிராமில் முடிந்துவிடும், அடுப்பும் வேண்டாம். வீட்டில் கட்டிய புளிச்சோற்றுப் பொட்டலம் அதைவிடவும் நல்லது. ஃப்ரீஸ் ட்ரைடு என்பது வழியில் தண்ணீர் கிடைக்கும் இடத்துக்கான சாப்பாடு. இமயமலை ஓடைகளுக்குப் பக்கத்தில் அதன் கணக்கு அழகாகப் பொருந்தும். அஞ்செட்டிப் பக்கத்து மேலகிரி மலையில் கோடையில் பொருந்தாது. இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

இரண்டாவது, அங்கே இரவு தங்கி அடுப்புப் பற்ற வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அஞ்செட்டி சுற்றிய காடுகளில் பெரும்பகுதி காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், 2014இல் அறிவித்தது. யானைகள் ஆண்டுதோறும் நடக்கும் தடம் அது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்த பிறகு, அதே ஆண்டு மாநில அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் உள்ளே போவதும் தீ மூட்டுவதும் குற்றம். காஸ் அடுப்பு தீ ஆகாது என்று வனக்காவலரிடம் வாதம் செய்ய முடியாது. முறையாக நடக்க வேண்டுமென்றால் 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் நாற்பது பாதைகளில் நம் மாவட்டத்துக்கு அய்யூர் – சாமிஏரிப் பாதையும் குத்திராயன் சிகரமும் இருக்கின்றன. வனத்துறை வழிகாட்டி கூடவே வருவார். பகல் நடைதான், காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள், முன்பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் சோதனையே வேண்டாமா? கட்டாயம் வேண்டும், ஆனால் வேறு மாதிரி. சோதிக்க வேண்டியது உங்கள் நாக்கு, உங்கள் வயிறு, எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்கிற கை அளவு. இதற்குக் காடு தேவையில்லை, களைப்பு தேவை. ஏசி அறையில் உட்கார்ந்து சாப்பிட்டால் எந்தப் பாக்கெட்டும் சுமாராகத்தான் இருக்கும், நடந்து களைத்தவனுக்கு எதுவும் ருசிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. அதிகம் களைத்துவிட்டால் எண்ணெயும் மசாலாவும் கலந்த சாப்பாடு குமட்டவும் செய்யும், உயரத்தில் இன்னும் அதிகம். அதனால் முழுப் பையோடு இராயக்கோட்டை மலைக்கோட்டையிலோ கிருஷ்ணகிரிக் கோட்டை மலையிலோ ஏறி இறங்குங்கள். அடுப்புக்குப் பதில் நல்ல ஸ்டீல் ஃபிளாஸ்க்கில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஊற்றும்போது அது 90க்குக் கீழே இறங்கியிருக்கும். தற்செயலாக அது ஹர் கி தூனில் கிடைக்கும் கொதிநீரின் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, ஆகவே உங்களுக்கு வேண்டிய ஒத்திகை அதிலேயே நடந்துவிடும். இரண்டு கோட்டைகளுமே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. காகிதம், பை எதையும் அங்கே விட்டு வராதீர்கள். இரவும் தங்கிப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் வத்தல்மலையில் ஊருக்குள், யாராவது தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு தங்குங்கள். காப்பித் தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்து பாக்கெட் சோறு தின்பதைப் பார்த்து ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள், பரவாயில்லை. சொல்லப்போனால் கடையில் கோல்டு என்று பெயர் போட்டுக் கரடுமுரடான துகளாக வரும் இன்ஸ்டன்ட் காப்பியும் ஃப்ரீஸ் ட்ரைடுதான். தெரியாமலே எல்லோரும் சாப்பிட்டிருக்கிறோம்.

ஊற வைக்கும் முறையில் பலர் அவசரப்படுகிறார்கள். பையைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் சின்னப் பொட்டலத்தை எடுத்துவிடுங்கள். அதில் இரும்புத்தூள் இருக்கிறது, பைக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சுவதற்காகப் போட்டது. காற்றுப் பட்டதும் லேசாகச் சூடாகும், பயப்பட வேண்டாம். போட்டிருக்கும் அளவில் முக்கால் பங்கு தண்ணீரை முதலில் ஊற்றி, நீளக் கரண்டியால் அடிமூலை வரை கிளறுங்கள். மசாலாத்தூள் எப்போதும் மூலையில்தான் போய் உட்கார்ந்திருக்கும். மூடி, ஒரு துண்டிலோ ஜாக்கெட்டிலோ சுற்றி வையுங்கள். பையில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் உயரத்தில் பதினைந்து, இருபது நிமிடம் கொடுங்கள். அப்புறம் இருப்பதிலேயே பெரிய துண்டை, பன்னீரோ பட்டாணியோ கோழியோ, எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் தக்கை போல உலர்ந்த புள்ளி இருந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடுங்கள். முதலிலேயே மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டால் திருத்த வழியில்லை, கஞ்சியாகக் குடிக்க வேண்டியதுதான்.

இந்த நடு உலர்ந்த புள்ளிதான் உங்கள் வயிற்றுக் கேள்விக்கும் பெரும்பாலும் பதில். பாக்கெட் சாப்பிட்டு வயிறு உப்பியது, வாயு பிடித்தது என்று சொல்பவர்களில் பலர் பருப்பையும் பயறையும் சரியாக ஊற விடாமல் சாப்பிட்டவர்கள் என்பது என் அனுபவம். ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை, கூட நடந்தவர்களைப் பார்த்துச் சொல்கிறேன். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் குடலில் இருக்கும் வாயு விரியும் என்பது மட்டும் இயற்பியல், அதில் மாற்றுக் கருத்து இல்லை. பயறு அதிகமுள்ள வகைகளைத் தவிர்த்துச் சாதம், நூடுல்ஸ் வகைகளாக எடுத்தால் பாதித் தொல்லை குறையும். எந்த வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை யாரும் எழுத்தில் சொல்ல முடியாது. நான்கு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டுப் பாருங்கள், ஒருவருக்கு ஒத்துக்கொண்டது என்று மொத்தமாக வாங்கிவிடாதீர்கள்.

கிருமி விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. உறைய வைத்து உலர்த்தினால் கிருமி செத்துவிடும் என்று நினைக்கிறார்கள். சாகாது, தூங்கும். கிருமிகளைக் கெடாமல் பாதுகாத்து வைக்கவே ஆய்வகங்களில் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்! பாக்கெட் சாப்பாடு பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம் உலர்த்துவதற்கு முன்பு அதைச் சமைத்ததும், உலர்ந்த பிறகு கிருமி வளர ஈரம் இல்லாததும். நீங்கள் தண்ணீர் ஊற்றிய நிமிடம் அது சாதாரணச் சோறு ஆகிவிடுகிறது. நம் வெயிலில் பாதி சாப்பிட்டு மீதியை மாலைக்கு என்று பையில் போட்டு நடந்தீர்களானால், அரிசியில் வரும் ஒரு வகைக் கிருமியின் விதை வெந்நீருக்கும் சாகாமல் இருந்து பெருகும், வாந்தியில் கொண்டுபோய் விடும். இரண்டு மணி நேரத்துக்குள் தின்று முடித்துவிடுங்கள். பச்சைத் தண்ணீரிலும் ஊறும், நேரம்தான் இரட்டிப்பாகும். ஆனால் அந்தத் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். ஓடைத் தண்ணீரை நேராக ஊற்றக் கூடாது.

தண்ணீர் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை. கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கூடியது, ஃப்ளோரைடும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். சுண்ணாம்பு கூடிய தண்ணீரில் பச்சைப் பருப்பு வேக மறுக்கும், வீட்டில் அம்மாக்களுக்குத் தெரியும். பாக்கெட்டில் இருப்பது வெந்த பருப்பு என்பதால் அவ்வளவு தொல்லை தராது, ஆனாலும் சுவை மாறும். சோதனையைக் குடிநீர்க் கேன் தண்ணீரிலேயே செய்யுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரின் உப்பைப் பாக்கெட்டின் உப்பு என்று நினைத்துவிடுவீர்கள்.

பாக்கெட்டின் உப்பும் குறைவில்லை. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஐந்து கிராம் உப்பு. ஒரு பாக்கெட்டிலேயே அதில் பாதியைத் தாண்டுபவை உண்டு. பின்பக்கம் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள்: அட்டவணை 'ஒரு பரிமாறலுக்கு' என்று இருக்கும், பாக்கெட்டில் இரண்டு பரிமாறல் என்று மேலே சின்னதாகப் போட்டிருக்கும். பசித்தவன் முழுப் பாக்கெட்டையும் தின்பான். சோடியத்தையும் கலோரியையும் இரண்டால் பெருக்குங்கள். நாள் முழுக்க வியர்வை கொட்ட நடக்கும் ஆரோக்கியமான ஆளுக்கு ஆறு நாள் இந்த உப்பு பெரிய ஆபத்து என்று நான் நினைக்கவில்லை. உங்கள் நண்பர் ஒருவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்த் தன் டாக்டரிடம் காட்டட்டும், அதில் என் கருத்துக்கு மதிப்பில்லை. இறக்குமதிப் பாக்கெட் என்றால் மாட்டிறைச்சி வகைகள் சகஜம், அதையும் படித்து வாங்குங்கள். அமெரிக்காவில் இதைப் பிரபலமாக்கிய மவுண்டன் ஹவுஸ், ஓரிகனில் வியட்நாம் போர்க்காலத்து ரோந்துப் படைக்கு ரேஷன் தயாரித்த ஆலையிலிருந்து வந்தது. அந்தச் சுவை நம் நாக்குக்கு ஆறு நாள் தாங்காது என்பது என் சொந்த அபிப்பிராயம். இந்தியத் தயாரிப்பில் ராஜ்மா சாவல், கிச்சடி மாதிரி கிடைப்பவற்றை முதலில் பாருங்கள்.

வீட்டில் செய்ய முடியுமா என்றால், ஃப்ரீஸ் ட்ரை முடியாது. ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் பல வாரம் வைத்தால் ஐஸ் கட்டி தேய்ந்து சிறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே ஆவியாதல்தான். ஆனால் வெற்றிடம் இல்லாமல் அது அவ்வளவு மெதுவாக நடக்கும், சோறு காய்வதற்குள் வாடைதான் பிடிக்கும். உலர் பனி (டிரை ஐஸ், உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்து டப்பாவில் செய்து காட்டும் வீடியோக்களை நம்பி மூடிய பாத்திரத்தில் அதைப் போட்டால் வாயு அழுத்தத்தில் வெடிக்கும். விட்டுவிடுங்கள். சாதாரணமாக உலர்த்துவது முடியும், அதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். குழையாமல் வடித்த சாதத்தை டீஹைட்ரேட்டர் என்னும் உலர்த்தும் கருவியிலோ ஓவனிலோ அறுபது டிகிரி அளவில், மணி மணியாக உடையும் வரை காய வைக்கலாம். எண்ணெய் மட்டும் கலக்காதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும். நெய்யைத் தனியாகச் சின்னப் புட்டியில் கொண்டு போய் ஊற்றிக்கொள்ளலாம். அதைவிட எளிது அவல். நெல்லை ஊற வைத்து, வறுத்து, தட்டி எடுத்தது. ஏறக்குறைய வெந்த பொருள், உலர்ந்தது, பச்சைத் தண்ணீரிலேயே ஊறும், கிலோ விலையைச் சொல்லவே வேண்டாம். பருப்புப்பொடி, காய்ச்சிய புளிக்காய்ச்சல், வறுத்த ராகிமாவு, நிலக்கடலை உருண்டை என்று பென்னாகரம் சந்தையிலேயே காலை, மதிய உணவு முழுக்க முடித்துவிடலாம்.

ஆக நான் செய்வதாக இருந்தால், ஆறு நாளுக்கும் மூன்று வேளையும் பாக்கெட் வாங்க மாட்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும், அதுவும் மேலே ஏறி நிற்கும் மூன்று நான்கு இரவுகளுக்கு. குளிரில் கை விறைத்து, பாத்திரம் கழுவத் தெம்பில்லாத நேரம் அது, அங்கே அந்த விலை தகும். முதல் நாளும் கடைசி நாளும் கீழே கிராமங்கள் இருக்கின்றன, அங்கே கிடைப்பதைச் சாப்பிடுங்கள். மற்ற வேளைக்கு அவல், ராகிமாவு, கடலை, பால்பவுடர், நெய். ஒரு ஆளுக்கு நாளுக்கு 650 கிராம் உலர் உணவு வைத்தால் 2,800 கிலோ கலோரிக்கு மேல் வந்துவிடும். உங்கள் வயதுக்கும் அந்த நடைக்கும் இது கொஞ்சம் குறைவாகக்கூட இருக்கலாம், உடம்புக்கு உடம்பு மாறும், கடலையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மிச்சமானால் வைக்கலாமா என்று கேட்டீர்கள். பிரிக்காத பாக்கெட் என்றால் தேதி வரை தாராளமாக வைக்கலாம். இருபத்தைந்து, முப்பது வருஷம் கெடாது என்று சில வெளிநாட்டு நிறுவனங்கள் சொல்வது ஆக்சிஜன் உள்ளே போகாத பையில், குளிர்ந்த இடத்தில் வைத்தால். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் வைத்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நம் ஊரில் அடித்திருக்கும் தேதியையே நம்புங்கள். பையில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் போச்சு, நுண்துளை நிறைந்த பொருள் ஈரத்தையும் காற்றையும் வேகமாகக் குடிக்கும், எண்ணெய் சிக்கெடுத்துவிடும். மலையிலிருந்து திரும்பியதும் ஒவ்வொரு பையையும் லேசாக அழுத்திப் பாருங்கள். அமுங்கி, புஸ்ஸென்று காற்று வந்தால் அதைக் குப்பையில் போடுங்கள். மற்றதை அலமாரியின் கீழ்த்தட்டில், சமையல் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.